மறு: 'இம்ப்ராப்பர் ப்ராசெலிடிசம்' – தமிழில் எப்படிச் சொல்வது?

குழுமத்தாருக்கு வணக்கம்.

சட்ட மாணவர்களுக்காக மனித உரிமைத் தீர்ப்புகள் சிலவற்றைத் தமிழில் சுருக்கி எழுதுகிறேன். நான்கு நாளாக இந்த ஒரு சொல்லில்தான் முட்டிக்கொண்டு நிற்கிறேன். ப்ராசெலிடிசம் என்றால் பிறரைத் தன் சமயத்துக்கு இழுக்க முயல்வது. இம்ப்ராப்பர் என்றால் அதை முறைகேடாகச் செய்வது.

வழக்கு இது. கிரேக்க நாட்டின் கிரீட் தீவில் சிதியா என்ற ஊர். மினோஸ் கொக்கினாக்கிஸ் 'யெகோவாவின் சாட்சிகள்' என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர். 1936இல் அந்தச் சபையில் சேர்ந்ததிலிருந்து அறுபது தடவைக்கு மேல் கைதானவர். 1986 மார்ச்சில் மனைவியோடு ஒரு வீட்டுக்குப் போய், நற்செய்தி கொண்டுவந்திருப்பதாகச் சொல்லிக் கால் மணி நேரம் போலப் பேசினார். அந்த வீட்டம்மாவின் கணவர் உள்ளூர் ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவக் கோயில் பாடகர். போலீசுக்குச் சொல்லிவிட்டார். அங்கே ப்ராசெலிடிசம் சட்டப்படி குற்றம் என்பதால் கொக்கினாக்கிஸுக்குத் தண்டனை கிடைத்தது. 1993இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் கொக்கினாக்கிஸ் பக்கம் தீர்ப்பளித்தது. ஆனால் தன் விசுவாசத்துக்குச் சாட்சி பகர்வது வேறு, முறைகேடான ப்ராசெலிடிசம் வேறு என்று கோடும் கிழித்தது. அந்த இரண்டாவதற்குத்தான் சொல் வேண்டும்.

'கட்டாய மதமாற்றம்' ஒத்துவராது. அந்த அம்மா மதம் மாறவே இல்லை. தன் நம்பிக்கை அசையவில்லை என்று அவரே சொன்னார். யாரும் கையை முறுக்கவும் இல்லை. போதாததற்கு, 2002இல் வந்து 2004இல் போன நம் மாநில மதமாற்றத் தடைச் சட்டத்தின் வாடை அந்தச் சொல்லில் இன்னும் அடிக்கிறது. 'ஆள்பிடிப்பு' என்று ஒருவர் எழுதியிருந்தார். பேச்சில் நானும் சொல்வதுதான். தீர்ப்பில் எழுதினால் வசவாகிவிடும்.

என் தடுமாற்றத்துக்குச் சொந்தக் காரணமும் உண்டு. போன வருஷம் அப்பாவுக்கு வயிற்றில் ஆபரேஷன். மூன்றாம் நாள் சாயங்காலம் ஜெபக்குழு என்று நான்கு பேர் வார்டுக்குள் வந்தார்கள். ஒருவர் அப்பாவின் நெற்றியில் எண்ணெய் தொட்டு வைத்து, 'இன்னிக்கு ராத்திரி போயிட்டா எங்கே போவீங்க ஐயா?' என்று கேட்டார். அப்பாவின் மூக்கில் குழாய். பதில் சொல்ல முடியாமல் மெத்தை விரிப்பைக் கசக்கிக்கொண்டிருந்தார். நாங்களும் ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவர்கள்தான். அதே கேள்வியைப் பிரசங்க மேடையிலிருந்து நூறு தடவை கேட்டிருக்கிறோம், ஒன்றும் ஆனதில்லை.

அதனால் என் முன்மொழிவு: பிடியுரை. எழுந்து போக முடியாத ஒருவரைப் பிடியில் வைத்துச் செய்யும் உரை. மறையுரை, அருளுரை என்ற வரிசையில் பொருந்தும்.

—

தங்கச்சிக்கு,

முப்பது வருஷம் உபதேசியாராக இருந்தவன் எழுதுகிறேன். பிடி என்றால் பெண் யானை. களிற்றுக்கு ஓர் உரை தனியாகத் தருவீர்களா?

விளையாட்டு போகட்டும். பிரசங்கம் என்றாலே உலுக்கத்தான். பெந்தெகொஸ்தே நாளில் பேதுரு பேசியதைக் கேட்டவர்கள் 'இருதயத்திலே குத்தப்பட்டவர்களாகி' என்றுதான் வேதத்தில் இருக்கிறது. குத்தாத பிரசங்கத்துக்குக் காணிக்கைத் தட்டு எதற்கு? 'மனுஷரைப் பிடிக்கிறவர்கள்' என்று ஆண்டவரே சொல்லியிருக்கும்போது, 'பிடி'யைக் குற்றச்சொல்லாக்கினால் ஊழியம் முழுக்கக் குற்றமாகத் தெரியாதா?

ஆனால் ப்ராசெலிடிசத்தின் வேர்ச்சொல் மத்தேயு 23:15இல் வருகிறது. நம் பழைய மொழிபெயர்ப்பில் 'மார்க்கத்தானாக்கும்படி சமுத்திரத்தையும் பூமியையும் சுற்றித்திரிகிறீர்கள்'. அங்கே கிடைப்பது பாராட்டு இல்லை, 'ஐயோ'. 2011இல் வத்திக்கானும் உலகத் திருச்சபைகள் மன்றமும் இவாஞ்சலிக்கல் கூட்டணியும் சேர்ந்து வெளியிட்ட நடத்தை நெறியும், ஆளின் வறுமையையும் தேவையையும் சாதகமாக்கக் கூடாது என்றுதான் சொல்கிறது. 'மார்க்கப்படுத்தல்' என்று வைத்துப் பாருங்களேன்.

—

அண்ணாச்சி,

'மார்க்கப்படுத்தல்' பொதுச்சொல்லாக நன்றாக இருக்கிறது. ப்ராசெலிடிசத்துக்கு அதையே எடுத்துக்கொள்கிறேன். 'இம்ப்ராப்பர்' மட்டும் அதில் வரவில்லை.

குத்துவது தப்பு என்று நான் சொல்லவே இல்லை. 1998இல் இன்னொரு கிரேக்க வழக்கு, லாரிசிஸ். விமானப்படை அதிகாரிகள் மூவர், பெந்தெகொஸ்தேக்காரர்கள். தங்களுக்குக் கீழே வேலை பார்த்த வீரர்களுக்கும் பிரசங்கித்தார்கள், வெளியாட்களுக்கும் பிரசங்கித்தார்கள். வீரர்கள் விஷயத்தில் தண்டனை செல்லும், வெளியாட்கள் விஷயத்தில் செல்லாது என்று அதே நீதிமன்றம் பிரித்தது. வெளியாள் நடுவில் எழுந்து போகலாம். அதிகாரி பேசும்போது சிப்பாய் எங்கே போவான்? சொன்னது நரகமா மோட்சமா என்று பார்ப்பதைவிட, கேட்டவனுக்கு வாசல் திறந்திருந்ததா என்று பார்ப்பதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. கொக்கினாக்கிஸ் போன வீட்டில் கதவு அந்த அம்மா கையில் இருந்தது. அப்பா கையில் டிரிப்ஸ் ஊசி இருந்தது.

1938ஆம் ஆண்டின் கிரேக்கச் சட்டமே அனுபவமின்மை, நம்பிக்கை, தேவை என்று பட்டியல் போடுகிறது. எல்லாம் கேட்பவர் நிலையைப் பற்றியதுதான்.

அட்டவணையில் இப்படிப் போட்டிருக்கிறேன்:

பிடியுரை (பெயர்ச்சொல்): விலகிப்போக இயலாதவரிடம், அந்த இயலாமையைச் சாதகமாக்கிச் செய்யும் சமயப் பரப்புரை. எந்தச் சமயத்துக்கும் பொருந்தும்.

ஞாயிற்றுக்கிழமைக்குள் வேறு மறுப்பு வராவிட்டால் அச்சுக்குப் போகும். யானையின் சார்பில் வரும் மறுப்புகளையும் வாங்கிக்கொள்கிறேன்.