தார் வீதியில் மட்டும் ஓடும் டபள் கெப்: ஷொக் அப்சோபரை மாற்றுவதா, ஸ்பிரிங்கை மாற்றுவதா?

கேள்வி: உவர்மலைவாசி

வணக்கம். எங்கள் வீட்டிலிருப்பது 2012ஆம் ஆண்டின் டொயோட்டா ஹைலக்ஸ் விகோ டபள் கெப். அது காட்டுப் பாதையிலோ வயல் வரம்பிலோ ஓடுவதில்லை, இனி ஓடப்போவதுமில்லை. திருகோணமலை நகருக்குள் அன்றாட ஓட்டம், வேலை நிமித்தம் நிலாவெளி, குச்சவெளிப் பக்கம் போய்வருதல், இடையிடையே கந்தளாய், ஹபரணை வழியாகக் கொழும்புப் பயணம் என்று அதன் உழைப்பு முழுவதும் தார் வீதியில்தான். பின்பெட்டியில் பெரும்பாலான நாட்களில் ஒரு பயணப் பைகூட இருப்பதில்லை.

பிரச்சினை இரண்டு வகைப்பட்டது. மெதுவாக ஓடும்போது, பாலங்களின் இணைப்புகளிலும் தண்ணீர்க் குழாய்க்காக வெட்டி மூடிய இடங்களிலும் பின்பக்கம் கடுமையாகக் குத்துகிறது. வேகமாக ஓடும்போது, வீதி சற்றே தாழ்ந்து எழும் இடங்களில் முன்பக்கம் ஒரு தடவை எழுந்து அடங்காமல் மேலும் ஓரிரு தடவை ஆடுகிறது. முதுகெலும்புத் தேய்வுள்ள என் தாயார் பின்னிருக்கையில் பயணம் செய்வதால், இதை இப்படியே விட்டுவைக்க எனக்கு மனமில்லை.

ஓர் உதிரிப்பாகக் கடையில், வாகனத்தை இரண்டு அங்குலம் உயர்த்தும் தொகுதியைப் பாரமான ஸ்பிரிங்குகளோடு சேர்த்துப் பூட்டினால் எல்லாம் சரியாகும் என்று சொல்கிறார்கள். நண்பர் ஒருவரோ, பின்பக்க பிளேட் ஸ்பிரிங்கில் ஒரு பிளேட்டைக் கழற்றிவிட்டால் போதும் என்கிறார். காசை எங்கே முதலில் போடுவது என்று அனுபவமுள்ளவர்கள் சொல்லவேண்டும்.

பதில்: கிண்ணியா கராஜ்

வணக்கம் சகோதரர். உயர்த்தும் தொகுதியை முதலில் கணக்கிலிருந்து நீக்கிவிடுங்கள். கல்லும் குழியும் உள்ள பாதையில் அடிப்பகுதி தட்டாமலிருக்கவும், பெரிய டயருக்கு இடம் கிடைக்கவுமே வாகனத்தை உயர்த்துகிறார்கள். உங்கள் ஓட்டத்துக்கு இந்த இரண்டும் தேவையில்லை. ஆனால் உயர்த்தியதற்கான விலையை மட்டும் நீங்கள் கொடுக்கவேண்டியிருக்கும்: பாரமையம் மேலே போவதால் வளைவுகளில் சாய்வு கூடும், காஸ்டர் கோணம் (முன்சில்லு திரும்பும் அச்சு பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் அளவு) குறைவதால் நேர் வீதியில் ஸ்டியரிங் தானாக நடுவுக்குத் திரும்பும் தன்மை தளரும், நான்கு சில்லு இழுவையுள்ள வாகனமாக இருந்தால் முன்சில்லுகளுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் சீ.வி. ஜொயின்ட்டுகள் எப்போதும் கூடிய சாய்விலேயே சுழன்று சீக்கிரம் தேயும். பாரமான ஸ்பிரிங் என்று விற்கப்படுவது, புல் பார் (முன்பக்க இரும்புக் காப்பு), வின்ச் (இழுவைக் கருவி), பின்பெட்டிக் கூடு ஆகியவற்றை நிரந்தரமாகச் சுமக்கும் வாகனத்துக்காகச் செய்யப்பட்டது. வெறும் பெட்டியோடு ஓடும் வாகனத்தில் அதைப் பூட்டினால் இப்போதுள்ள குத்து இன்னும் கடுமையாகும்.

வெறும் பெட்டியில் ஏன் குத்துகிறது என்பதை விளங்கிக்கொண்டால் மற்றவை தானாகத் தெளிவாகும். ஏறத்தாழ ஒரு தொன் சுமையைத் தாங்குவதற்கென்று அமைக்கப்பட்ட பிளேட் ஸ்பிரிங், வெறும் பெட்டியின் பாரத்துக்குக் கொஞ்சமே அமிழ்கிறது. ஒரு ஸ்பிரிங் தன்மேல் நிற்கும் பாரத்தால் எவ்வளவு அமிழ்ந்திருக்கிறதோ, அதைப் பொறுத்துத்தான் வாகனம் ஆடும் வேகம் அமைகிறது: 25 சென்ரிமீற்றர் அமிழ்ந்திருந்தால் செக்கனுக்கு ஒரு தடவை ஆடும், 6 சென்ரிமீற்றர் மட்டும் அமிழ்ந்திருந்தால் இரண்டு தடவை ஆடும். சொகுசான கார்கள் செக்கனுக்கு 1 முதல் 1.5 தடவை ஆடும்படி அமைக்கப்படுகின்றன. சுமையில்லாத கெப் அதைவிட விரைவாக ஆடுவது அதன் பிறவிக்குணம். அதை முற்றாக மாற்ற முடியாது, ஆனால் நன்றாகக் குறைக்க முடியும்.

இங்கேதான் நம் ஊரின் உப்புக்காற்றைக் கணக்கிலெடுக்க வேண்டும். பிளேட் ஸ்பிரிங் வளையும்போது பிளேட்டுகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கியாகவேண்டும். இடையில் துரு ஏறிவிட்டால் அவை ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும். சிறிய மேடுகளுக்கு ஸ்பிரிங் அசையவே அசையாது, அடி முழுவதும் நேராகச் செசிக்கு (வாகனத்தின் அடிச்சட்டத்துக்கு) போய்விடும். வாகனத்தின் கீழே படுத்து ஒரு டோர்ச் வெளிச்சத்தில் பாருங்கள். பிளேட்டுகளின் ஓரத்தில் செந்நிறத் துருப்பொடி கசிந்திருந்தால், நுனிகளில் இருக்கவேண்டிய பிளாஸ்டிக் திண்டுகள் தேய்ந்து காணாமற் போயிருந்தால், நோய் அங்கேதான் இருக்கிறது. ஸ்பிரிங்கை இறக்கி, பிளேட்டுகளைப் பிரித்து, கம்பித் தூரிகையால் துருவை முற்றாக எடுத்து, புதிய திண்டுகளும், ஸ்பிரிங்கின் நுனியைச் செசியோடு இணைக்கும் ஷெக்கிளுக்குப் புதிய ரப்பர் புஷ்களும் போட்டுப் பூட்டவேண்டும். ஸ்பிரிங்கை அக்சிலோடு பிணைக்கும் யூ போல்ட்டுகளைப் புதிதாகவே வாங்குங்கள். ஒரு தடவை இறுக்கி நீண்டதை மறுபடி பாவிப்பது நல்லதல்ல.

பிளேட்டைக் கழற்றும் யோசனையைப் பற்றி: அடியிலுள்ள தடித்த பிளேட் சுமை ஏறிய பிறகே மற்றவற்றோடு முட்டி வேலை செய்யும். அதைக் கழற்றினால் வெறும் ஓட்டத்தில் குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் தெரியாது. சுமை ஏற்றும் நாளில் மட்டும் காப்பு இல்லாமற் போகும். நடுவிலுள்ளதைக் கழற்றினால் மென்மை வரும் என்பது உண்மை. ஆனால் பின்பக்கம் தாழ்ந்துவிடும், மிஞ்சிய பிளேட்டுகளில் பளு ஏறி அவை முறியும், பலமாகப் பிரேக் பிடிக்கும்போது அக்சில் முறுக்கிக்கொள்ளும். யானையும் மாடும் குறுக்கே வரும் ஹபரணைப் பாதையில் இரவில் ஓடும் வாகனத்துக்கு இதை நான் ஒருபோதும் செய்துகொடுக்க மாட்டேன்.

பதில்: நிலாவெளிக்காரன்

மேலே சொன்ன வேலையைத் தொடங்குவதற்கு முன்னர், செலவே இல்லாத ஒன்றைப் பார்த்துவிடுங்கள். கெப் வாகனத்தின் பின் டயருக்குச் சுமையோடு ஓடும்போது வேண்டிய காற்றும் சுமையில்லாமல் ஓடும்போது வேண்டிய காற்றும் ஒன்றல்ல. சாரதிக் கதவைத் திறந்தால் ஒட்டியிருக்கும் தாளில் உற்பத்தியாளர் அதைக் குறித்திருப்பார். காற்று நிரப்பும் இடங்களில் கெப் என்றாலே சுமைக்குரிய அளவைப் போட்டுவிடும் பழக்கம் பரவலாக இருக்கிறது. நெடுநேரம் ஓடாமல் டயர் குளிர்ந்திருக்கும் காலை வேளையில் அளந்து, தாளிலுள்ள அளவுக்குக் கொண்டுவாருங்கள். அதற்குக் கீழே மட்டும் போகவேண்டாம்; காற்றுக் குறைந்த டயர் நீண்ட பயணத்தில் சூடேறி வெடிக்கக்கூடும்.

டயரின் பக்கச்சுவரில் என்ன அச்சிடப்பட்டிருக்கிறது என்பதையும் பாருங்கள். எல்.டி. (LT) என்ற எழுத்துகளோடு பத்துப் பிளை (டயரின் பலத்தைக் காட்டும் அடுக்கு அளவு) என்று இருந்தால் அது பாரவேலைக்கான டயர். அதன் பக்கச்சுவரே விறைப்பானது. அடுத்த தடவை டயர் மாற்றும்போது, வாகனத்துக்கு விதிக்கப்பட்ட சுமைச் சுட்டெண்ணுக்கு (டயர் தாங்கும் பாரத்தைக் காட்டும் எண்) குறையாத, வீதிக்கென்று செய்யப்பட்ட எச்.டி. (H/T) வகையை வாங்குங்கள். முரட்டுப் பல்லுள்ள டயர் தார் வீதியில் இரைச்சலையும் அதிர்வையும்தான் தரும். மழையில் பிடிமானமும் குறைவு.

உவர்மலைவாசி

இருவருக்கும் மிக்க நன்றி. பார்த்துவிட்டேன். பின் டயர்களில் தாளிலுள்ளதைவிடக் கூடுதலான காற்று இருந்தது. அளவுக்குக் கொண்டுவந்த பிறகு நகருக்குள் ஓடும்போது வேறுபாடு தெளிவாகத் தெரிகிறது. பிளேட்டுகளின் ஓரத்தில் நீங்கள் சொன்ன செந்நிறப் பொடியும் இருக்கிறது. இடப்பக்கத்தில் திண்டுகளே இல்லை. அந்த வேலையைச் செய்வதென்று முடிவெடுத்துவிட்டேன். முன்பக்க ஷொக் அப்சோபர் ஒன்றில் எண்ணெய் கசிந்து தூசி அப்பிக்கிடக்கிறது. ஆகவே அவற்றை மாற்றியே ஆகவேண்டும். இரட்டைக் குழாய் வகையா, ஒற்றைக் குழாய் வகையா என்பதுதான் இனிக் கேள்வி. பின்பக்க ஸ்பிரிங்குக்குத் துணையாகக் காற்றுப் பை போடலாமா என்பதையும் சொல்லுங்கள்.

பதில்: பாலையூற்று வாசகர்

வாகனத்தைத் தாங்குவது ஸ்பிரிங்கின் வேலை, அதன் ஆட்டத்தை அடக்குவது ஷொக் அப்சோபரின் வேலை. நீங்கள் சொல்லும் முன்பக்க ஆட்டம் முழுக்க முழுக்க ஷொக் அப்சோபர் சம்பந்தப்பட்டது. எந்த ஸ்பிரிங்கை மாற்றினாலும் அது போகாது. அது பிரேக்கையும் பாதிக்கும்: சில்லு வீதியைவிட்டுத் துள்ளும் கணத்தில் டயருக்குப் பிடிமானம் இல்லை, ஆகவே நிற்கும் தூரம் கூடும்.

ஒற்றைக் குழாயில் எண்ணெயையும் உயர் அழுத்த வாயுவையும் மிதக்கும் பிஸ்டன் ஒன்று பிரித்துவைக்கிறது. அதனால் எண்ணெய் நுரைப்பதில்லை. குழாயின் வெளிச்சுவர் நேராகக் காற்றில் படுவதால் சூடும் விரைவாகத் தணியும். கல் தெறித்துக் குழாய் நசுங்கினால் உள்ளே பிஸ்டன் சிக்கிக்கொள்ளும் என்பது அதன் பெரிய குறை; தார் வீதியில் அந்த அச்சம் மிகக் குறைவு. இரட்டைக் குழாயில் வாயு அழுத்தம் குறைவு, உராய்வும் குறைவு; ஆகவே சின்னச் சின்ன மேடுகளில் அது மென்மையாக இருக்கும். தொடர்ந்து கடுமையாக வேலை வாங்கினால் மட்டும் சூடேறித் தளரும். கே.வை.பி. நிறுவனத்தின் எக்செல்-ஜி இரட்டைக் குழாய் வகை. அதே நிறுவனத்தின் காஸ்-எ-ஜஸ்ட் ஒற்றைக் குழாய் வகை. பில்ஸ்டைன் பி6 ஒற்றைக் குழாய் வகை. கொழும்புவரை நீண்ட நேரம் ஒரே வேகத்தில் ஓடுபவர் என்பதால், நிலைத்த பிடிமானத்துக்காக நான் ஒற்றைக் குழாயின் பக்கமே சாய்வேன்.

காற்றுப் பை உங்களுக்கு வேண்டாம். சுமை ஏற்றும்போது பின்பக்கம் அமிழாமலிருக்க அது ஸ்பிரிங்குக்குத் துணையாக நிற்கிறது. அதாவது விறைப்பைக் கூட்டுகிறது. உங்கள் தேவை அதற்கு நேரெதிரானது. பின்பக்கத்துக்கு நிலைப்படுத்தும் தண்டு பூட்டினால் வளைவில் சாய்வு குறையும் என்பது உண்மைதான், ஆனால் ஒரு பக்கச் சில்லு மட்டும் மேட்டில் ஏறும்போது குலுக்கல் கூடும். தாயாரை நினைத்தால் அதையும் தவிர்த்துவிடலாம். முன்பக்கத்திலுள்ள தண்டின் புஷ்களையும் லிங்க்குகளையும் புதிதாக்குங்கள், அதுவே போதும்.

பதில்: கிண்ணியா கராஜ்

பாலையூற்றுச் சகோதரர் சொன்னதில் ஓரிடத்தில் மட்டும் எனக்கு வேறு கருத்து உண்டு. ஒற்றைக் குழாயின் உயர் அழுத்த வாயு பிஸ்டன் தண்டை எப்போதும் வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும், அதன் சீல்களும் இறுக்கமானவை. வெறும் பெட்டியின் கீழ், ஏற்கெனவே விறைப்பான பிளேட் ஸ்பிரிங்கோடு அது சேரும்போது, சிறிய இணைப்புகளில் கூர்மையான உணர்வு மிஞ்சும். வேகமாக ஓட்டுவதில் விருப்பமுள்ள ஒருவர் கேட்டிருந்தால் நானும் அதையே சொல்லியிருப்பேன். முதுகெலும்புத் தேய்வுள்ளவர் பின்னிருக்கையில் இருக்கிறார் என்றபடியால், நான்கு சில்லுக்கும் நல்ல இரட்டைக் குழாய் வகையையே போடச் சொல்கிறேன். தார் வீதியில் சுமையின்றி ஓடும் வாகனத்தில் அது தளரும் அளவுக்குச் சூடேறாது. எதை வாங்கினாலும் ஒரே அக்சிலின் இரண்டு பக்கத்துக்கும் புதிதாகச் சோடியாக வாங்குங்கள். கழற்றி வந்த பழைய ஷொக் அப்சோபர் வெளியே எவ்வளவு மினுங்கினாலும் உள்ளே வால்வு எப்படி இருக்கிறதென்று யாராலும் பார்த்துச் சொல்ல முடியாது. கொழும்பில் உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் வாங்குவதானால் வாகனத்தின் செசி இலக்கத்தைக் கொண்டுபோய்ப் பாக இலக்கத்தை ஒப்பிட்டு எடுங்கள். நான்கு சில்லு இழுவையுள்ள விகோவுக்கும் உயரம் குறைந்த இருசில்லு இழுவை விகோவுக்கும் முன்பக்கப் பாகங்கள் ஒன்றல்ல.

பூட்டும்போது அருகில் நின்று ஒன்றைக் கவனியுங்கள். ஷெக்கிள் போல்ட்டுகளையும் முன்சில்லைத் தாங்கும் கீழ்க் கையின் (லோவர் ஆர்ம்) போல்ட்டுகளையும் வாகனம் ஜக்கில் தொங்கும்போது இறுதியாக இறுக்கக்கூடாது. அப்படிச் செய்தால் வாகனம் நிலத்துக்கு இறங்கியதும் ரப்பர் புஷ்கள் முறுகிய நிலையிலேயே நின்று, விறைப்பைக் கூட்டி, சீக்கிரம் கிழிந்துவிடும். நான்கு சில்லும் நிலத்தில் நிற்க, பின்பக்கத்தை இரண்டு மூன்று தடவை அமுக்கிவிட்டு, வாகனம் தன் இயல்பான உயரத்தில் அமர்ந்த பிறகே இறுக்கவேண்டும். முன் கொயில் ஸ்பிரிங்கைச் சரியான அமுக்கு கருவி இல்லாமல் யாரையும் பிரிக்கவிடாதீர்கள்; அது தெறித்தால் உயிருக்கே ஆபத்து. சில நூறு கிலோமீற்றர் ஓடிய பிறகு யூ போல்ட்டுகளை மறுபடி இறுக்கி, வீல் அலைன்மென்ட்டை அதன் பின்னர் பாருங்கள்.