பொருள்: பித்தப்பைச் சுவரின் குழிகளுக்குத் தமிழில் என்ன?

தருமபுரியிலிருந்து:
வணக்கம். திங்கட்கிழமை செவிலியர் மாணவியருக்குப் பித்தப்பை அழற்சி வகுப்பு. கையேடு நாளை அச்சுக்குப் போக வேண்டும். ஸ்கேன் பகுதியில் சிக்கல் இல்லை. வெறும் வயிற்றில் பார்க்கும்போது சுவர் 3 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால் 'சுவர்த்தடிப்பு' (சாப்பிட்டுவிட்டு வந்தால் பை சுருங்கி, சும்மாவே தடித்ததுபோல் காட்டும்). கல்லுக்குப் பின்னால் விழும் கறுப்புப் பட்டை 'ஒலிநிழல்'. நுண்ணோக்கிப் பகுதியில்தான் மாட்டிக்கொண்டேன். நாள்பட்ட அழற்சியில் உட்சவ்வு தசைக்குள் பிதுங்கிக் குழிகள் உண்டாகுமே, ரோக்கிடான்ஸ்கி–ஆஷாஃப் சைனஸ், அதைப் 'புரை' என்று எழுதியிருக்கிறேன். சரியா?

அரூரிலிருந்து:
புரை வேண்டாம் மேடம். நம்மூரில் புரை என்றால் கண்புரை. 'புரையோடிப் போச்சு' என்றால் வீட்டில் அழுகை தொடங்கிவிடும். மண்சுவரில் விளக்கு வைக்கிற மாடக்குழியை நினைத்துப் பாருங்கள். சுவருக்கு அடித்த சுண்ணாம்பே குழிக்குள்ளும் போயிருக்கும். இங்கேயும் பையின் உட்பக்கத்தை மூடிய அதே செல்வரிசைதான் குழிக்குள் தொடர்கிறது. மாடக்குழி என்றே வையுங்கள்.

ஓசூரிலிருந்து:
மாடம் என்றால் உயர்ந்த கட்டடம். மதுரைக்கு நான்மாடக்கூடல் என்று பேர் வந்தது விளக்குக் குழியாலா? துளைப்பொருள் தரும் 'புல்' வேரிலிருந்து புழை, புரை, பொள்ளல், பொந்து எல்லாம் பிறந்து வரிசையாக நிற்கின்றன. புரை கசந்தால் புழை என்க. அது போகட்டும், 'பித்தம்' தமிழா வடசொல்லா என்று தீர்க்காமல் பைக்குள் நுழைவது முறையா?

தருமபுரியிலிருந்து:
ஐயா, இப்போது பித்தத்தைத் தொட்டால் அச்சகம் பூட்டிவிடுவார்கள்.

கிருஷ்ணகிரியிலிருந்து:
திசு பார்ப்பவன் என்ற முறையில் ஒன்று. மாடக்குழி நாமாக விடுவது. இது உள்ளழுத்தத்தில் பிதுங்குவது. ஆனாலும் 'பிதுக்கம்' என்றால் வெளியே புடைத்ததாகப் படும், அதற்கு மாடக்குழி தேவலை. அப்புறம், இந்தக் குழி உடைந்து பித்தநீர் சுவருக்குள் கசிந்தால், கொழுப்பை விழுங்கி நுரைத்த செல்கள் திரண்டு மஞ்சள் முடிச்சுகள் வரும். ஸ்கேனில் புற்றுநோய் போலவே தெரிந்து எல்லாரையும் கலக்கும். அதற்கும் பேர் கேட்டுவிடாதீர்கள், மாம்பழ சீசன் முடிந்தாலும் இந்த உரையாடல் இழை முடியாது.

தருமபுரியிலிருந்து:
மாடக்குழி என்றே அனுப்பிவிட்டேன். முதல் இடத்தில் மட்டும் ரோக்கிடான்ஸ்கி பேரும் இருக்கும்.

ஓசூரிலிருந்து:
என் மறுப்பு பதிவில் இருக்கட்டும்: புழை. பித்தத்துக்குத் தனி இழை தொடங்குகிறேன்.