பேக்-12க்கு ஒன்பதாவது ஃபுட்பால் அணி: யாரைச் சேர்க்கலாம்?

பீவர்_செந்தில்:

வணக்கம் நண்பர்களே. நான் கோர்வாலிஸில் ஒரெகன் ஸ்டேட்டில் எம்எஸ் படித்தவன், இப்போது போர்ட்லாந்து பக்கம் வேலை பார்க்கிறேன். முதல் வருடம் அறைத்தோழன் கையைப் பிடித்து இழுக்காத குறையாக ரீசர் ஸ்டேடியத்துக்குக் கூட்டிப்போனான், அதுதான் எங்கள் ஃபுட்பால் மைதானம். விதி ஒன்றும் புரியாமல் மழையில் நனைந்துகொண்டு பார்த்தேன், அன்றைக்குப் பிடித்தது இன்னும் விடவில்லை.

நடந்தது எல்லோருக்கும் தெரியும், ஆனாலும் புதிதாக வருகிறவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். பேக்-12 என்பது மேற்குப் பகுதிப் பல்கலைக்கழகங்களின் விளையாட்டுக் கூட்டணி, அதாவது கான்ஃபரன்ஸ். இங்கே ஃபுட்பால் என்றால் அமெரிக்கன் ஃபுட்பால், பள்ளி என்றால் பல்கலைக்கழகம். 2022 ஜூனில் அதிலிருந்து யுஎஸ்சி, யுசிஎல்ஏ இரண்டும் பிக் டென் என்ற இன்னொரு கான்ஃபரன்ஸுக்குப் போவதாக அறிவித்தன. அடுத்த வருடம் ஜூலையில் கொலராடோ, ஆகஸ்ட் 4 அன்று ஒரே நாளில் ஒரெகன், வாஷிங்டன், அரிசோனா, அரிசோனா ஸ்டேட், யூட்டா என்று ஐந்து பேர் வேறு கான்ஃபரன்ஸ்களுக்கு, செப்டம்பரில் ஸ்டான்ஃபோர்டும் கால் பெர்க்லியும் அட்லாண்டிக் கரையில் இருக்கும் ஏசிசி கான்ஃபரன்ஸுக்கு. 1915-இல் தொடங்கிய மரபில் மிஞ்சியது நாங்களும் வாஷிங்டன் ஸ்டேட்டும் மட்டும்தான். 2024-இல் மவுன்டன் வெஸ்ட் கான்ஃபரன்ஸுக்கு 14 மில்லியன் டாலர் கொடுத்து அவர்களோடு ஆட்டங்கள் ஏற்பாடு செய்துகொண்டோம். 2025-இல் அதுவும் இல்லை, நாங்களும் வாஷிங்டன் ஸ்டேட்டும் ஒரே சீசனில் இரண்டு முறை மோதிக்கொண்டோம். பாஸ்கெட்பால் வெஸ்ட் கோஸ்ட் கான்ஃபரன்ஸில் விருந்தாளியாக ஓடியது. பேஸ்பால் அணிக்குக் கான்ஃபரன்ஸே இல்லை, தனியாக ஆடி அப்படியும் தேசிய இறுதிச் சுற்று நடக்கும் ஒமஹா வரை போனார்கள். அந்த வாரம் நான் ஆபீஸில் உருப்படியாக வேலை பார்த்த ஞாபகம் இல்லை.

இப்போது நிலைமை வேறு. 2026 ஜூலை 1 முதல் பாய்ஸி ஸ்டேட், ஃப்ரெஸ்னோ ஸ்டேட், சான் டியாகோ ஸ்டேட், கொலராடோ ஸ்டேட், யூட்டா ஸ்டேட், டெக்சாஸ் ஸ்டேட் ஆறும் நம்மோடு. ஃபுட்பால் இல்லாத கொன்சாகாவும் சேர்த்து மொத்தம் ஒன்பது.

ஆனால் ஃபுட்பாலுக்கு எட்டே எட்டுதான், என் கவலை அங்கேதான். முதல் நிலை ஃபுட்பால் கான்ஃபரன்ஸாக இருக்க எட்டு முழு உறுப்பினர் வேண்டும் என்பது கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்சிஏஏவின் விதி. நாளைக்கு பிக் 12 என்ற பெரிய கான்ஃபரன்ஸ் நம்மில் ஒரு பள்ளியைக் கூப்பிட்டால் மறுபடி 2023 தான். அது தவிர எட்டு அணி என்றால் ஆளுக்கு ஏழு ஆட்டம், ஒருவருக்கு நாலு சொந்த மைதானத்தில் வரும், இன்னொருவருக்கு மூணுதான். ஒன்பது இருந்தால் ஆளுக்கு எட்டு, பாதிக்குப் பாதி சரியாகப் போகும்.

என் மனம் மெம்ஃபிஸ் பக்கம் சாய்கிறது. பாஸ்கெட்பாலில் பெரிய பெயர், ஊரில் ஃபெடெக்ஸ் போன்ற நிறுவனத்தின் ஆதரவு, ஃபுட்பாலும் சில வருடங்களாக நன்றாகவே ஆடுகிறார்கள், மத்திய நேர மண்டலத்தில் பெரிய ஊர் ஒன்று கிடைத்தால் டிவிக்காரர்களிடம் பேச வசதி. நீங்கள் யாரைச் சொல்வீர்கள்? காரணத்தோடு சொல்லுங்கள்.

---

பாய்ஸி_வாசு:

யுஎன்எல்வி, அதாவது லாஸ் வேகாஸில் இருக்கும் நெவாடா பல்கலைக்கழகம். யோசிக்கவே வேண்டாம் செந்தில்.

2023, 2024, 2025 மூன்று வருடமும் மவுன்டன் வெஸ்ட் இறுதி ஆட்டத்தில் எங்கள் பாய்ஸியோடு மோதியது யார்? யுஎன்எல்வி தான். மூன்று தடவையும் நாங்கள் ஜெயித்தோம், அது வேறு விஷயம், ஆனால் மூன்று வருடம் தொடர்ந்து இறுதிக்கு வருகிற அணியை வெளியே விட்டுவிட்டு ஆயிரத்தைந்நூறு மைல் தள்ளி ஏன் தேட வேண்டும்? 65,000 பேர் உட்காரும் அலீஜியன்ட் ஸ்டேடியம் இருக்கிறது. பழைய பேக்-12 தன் கடைசி மூன்று ஃபுட்பால் இறுதி ஆட்டங்களை அங்கேதான் நடத்தியது. பாஸ்கெட்பாலில் 1990-இல் டியூக்கை 103-73 என்று நொறுக்கிக் கோப்பை வாங்கிய பள்ளி, அந்த மரபை மறுபடி எழுப்ப ஆசைப்படுகிறவர்கள் லாஸ் வேகாஸில் ஏராளம்.

அப்புறம் விமானம். போர்ட்லாந்து, ஸ்பொகேன், பாய்ஸி, டென்வர், சான் டியாகோ, ஃப்ரெஸ்னோ, எங்கிருந்து பார்த்தாலும் வேகாஸுக்கு நேரடி விமானம். ரசிகர்கள் வார இறுதிக்கு எப்படியும் போகிற ஊர், ஆட்டமும் இருந்தால் குடும்பத்தோடு கிளம்பிவிடுவார்கள்.

---

மெம்ஃபிஸ்_கார்த்தி:

நான் மெம்ஃபிஸ் புறநகரில் பன்னிரண்டு வருடமாக இருக்கிறேன், மெம்ஃபிஸ் டைகர்ஸ் பாஸ்கெட்பாலுக்கு சீசன் டிக்கெட் வைத்திருப்பவன். எங்கள் பள்ளியைப் பற்றி நல்லதாக எழுதியதற்கு நன்றி சகோ. ஆனால் உள்ளதைச் சொல்கிறேன், இங்கே ரசிகர்கள் பேசுவதெல்லாம் பிக் 12 பற்றித்தான். 2016-இல் பிக் 12 புதிதாக ஆள் சேர்க்கப் போவதாகக் கூப்பிட்டுப் பேசிவிட்டுக் கடைசியில் யாரையும் எடுக்கவில்லை, அந்த ஏமாற்றம் இன்னும் இந்த ஊரில் ஆறவில்லை. 2021-இல் மறுபடி எடுத்தபோது சின்சினாட்டி, ஹூஸ்டன், யுசிஎஃப் போனார்கள், எங்களை விட்டுவிட்டார்கள். அந்த மூவரும் சீக்கிரம் வெளியேறத் தலைக்கு 18 மில்லியன் டாலர் கட்டினார்கள் என்பதையும் கணக்கில் வையுங்கள், நாங்கள் இருக்கும் அமெரிக்கன் கான்ஃபரன்ஸிலிருந்து வெளியே வருவது மலிவான காரியம் இல்லை.

2024 செப்டம்பரில் பேக்-12 எங்களிடமும் டுலேன், சவுத் ஃப்ளோரிடா, யுடிஎஸ்ஏ (சான் அன்டோனியோவில் இருக்கும் டெக்சாஸ் பல்கலைக்கழகம்) மூவரிடமும் பேசியது. நால்வரும் சேர்ந்து இருந்த இடத்திலேயே இருக்கிறோம் என்று அறிவித்துவிட்டார்கள். பணம் போதவில்லை, தூரம் அதிகம், இரண்டும் உண்மை.

நாளைக்கே மெம்ஃபிஸ் வந்தாலும் வாசலைப் பார்த்தபடிதான் உட்கார்ந்திருக்கும். நீங்கள் எட்டிலிருந்து ஒன்பதுக்குப் போவதே ஒருவர் போனால் தாங்குவதற்காகத்தான் என்கிறீர்கள். முதலில் போகக்கூடிய ஆளையே ஒன்பதாவதாக வைத்தால் எப்படி? என் சொந்த அணி, எனக்கு இதை எழுதக் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

---

சாந்தி_அக்கா:

ஃபுட்பால்காரர்கள் மன்னிக்கவும், நான் வாலிபால் ஆடும் பெண்ணின் அம்மா. மகள் படிக்கும் பள்ளியின் பெயர் வேண்டாம், கான்ஃபரன்ஸ் மாறியதில் நாட்டின் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்குப் பறக்க ஆரம்பித்தவர்களில் அதுவும் ஒன்று.

ஃபுட்பால் அணி வாரம் ஒரு ஆட்டம், சனிக்கிழமை, தனி விமானம். இவர்கள் புதன் இரவு கிளம்பி வியாழன் ஒரு ஊர், சனி ஒரு ஊர், ஞாயிறு நள்ளிரவு வீடு. போன செமஸ்டரில் என் பெண் கெமிஸ்ட்ரி லேப் மூன்று தவறவிட்டாள், ஒரு மிட்டெர்மை ஹோட்டல் அறையில் உட்கார்ந்து எழுதினாள். அவள் டாக்டராக ஆசைப்படுகிறவள். சீசன் முடிந்து வீட்டுக்கு வந்தபோது இரண்டு நாள் தூங்கினாள், எழுப்பவே மனம் வரவில்லை.

வாஷிங்டன் ஸ்டேட் இருக்கும் புல்மேனிலிருந்து மெம்ஃபிஸ் போக எத்தனை விமானம் மாற வேண்டும் என்று பாருங்கள். கோர்வாலிஸ் பிள்ளைகள் போர்ட்லாந்து விமான நிலையத்துக்கே ஒன்றரை மணி நேரம் பஸ்ஸில் போக வேண்டும். யாரைச் சேர்ப்பது என்று மேசை போட்டுப் பேசுகிறவர்கள் ஃபுட்பாலுக்கு ஒரு வரைபடம், மற்ற விளையாட்டுகளுக்கு ஒரு வரைபடம் என்று இரண்டு வைத்துக்கொண்டு பேசட்டும். எனக்கு அது ஒன்றுதான் கோரிக்கை.

---

ஐ35_முருகன்:

அக்கா சொல்வதையே பிடித்துக்கொண்டு நான் யுடிஎஸ்ஏ என்பேன், விசித்திரமாகத் தோன்றினாலும் முழுக்கக் கேளுங்கள். நான் ஆஸ்டினில் இருக்கிறேன்.

டெக்சாஸ் ஸ்டேட் ஏற்கெனவே உள்ளே வந்தாயிற்று, அவர்கள் ஊர் சான் மார்கோஸ். அவர்களுக்கு மிக அருகில் இருக்கும் கான்ஃபரன்ஸ் அணியே கொலராடோவில்தான். தனித் தீவு மாதிரி. அந்தப் பிள்ளைகளுக்கு ஒவ்வொரு வெளியூர் ஆட்டமும் விமானப் பயணம். சான் அன்டோனியோவில் இருக்கும் யுடிஎஸ்ஏ சேர்ந்தால் சான் மார்கோஸிலிருந்து ஐ-35 சாலையில் ஒரு மணி நேரம், அவ்வளவுதான். மேற்கிலிருந்து வருகிற வாலிபால் அணியோ டென்னிஸ் அணியோ ஒரே பயணத்தில் இரண்டு ஆட்டத்தையும் முடித்துக்கொண்டு திரும்பலாம். இரண்டு பள்ளிக்கும் இடையே பகையும் ஏற்கெனவே இருக்கிறது, புதிதாக உண்டாக்க வேண்டியதில்லை.

செந்தில், உங்களுக்குப் பேஸ்பால் பிடிக்கும் போலிருக்கிறது. 2025-இல் தேசியப் போட்டியின் முதல் சுற்றான ரீஜனலில், ஆஸ்டினில், டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் லாங்ஹார்ன்ஸை அவர்கள் மைதானத்திலேயே வீழ்த்திவிட்டு அடுத்த சுற்றான சூப்பர் ரீஜனல் போனது யுடிஎஸ்ஏ. பாய்ஸி, கொலராடோ ஸ்டேட், யூட்டா ஸ்டேட் மூன்றுக்கும் பேஸ்பால் அணி இல்லை. அப்படியானால் முழு உறுப்பினர்களில் உங்களிடம் இருப்பது ஒரெகன் ஸ்டேட், வாஷிங்டன் ஸ்டேட், கொன்சாகா, ஃப்ரெஸ்னோ, சான் டியாகோ, டெக்சாஸ் ஸ்டேட், ஆறே ஆறு. தேசியப் போட்டிக்குத் தானாகத் தகுதி பெறும் இடத்துக்கு ஆறு வேண்டும், அங்கேயும் விளிம்பில்தான் நிற்கிறீர்கள்.

---

ஸ்பொகேன்_ரவி:

ஃபுட்பால் பேசுகிற இழையில் பாஸ்கெட்பாலுக்கு ஒரு வரி: செயின்ட் மேரிஸை மறக்காதீர்கள். 2024, 2025 இரண்டு வருடமும் வெஸ்ட் கோஸ்ட் கான்ஃபரன்ஸின் சீசன் பட்டம் அவர்களுக்குத்தான், கொன்சாகாவுக்கு இல்லை. மொராகாவில் அவர்கள் அரங்கில் 3,500 பேர்தான் உட்கார முடியும், ஆனால் அங்கே போய் ஆடுவது எவ்வளவு கஷ்டம் என்று எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஃபுட்பால் பங்கு கேட்காத பள்ளி, கலிஃபோர்னியா, பிரிந்தால் மனசு வலிக்கிற போட்டி. மார்ச்சில் நடக்கும் தேசிய பாஸ்கெட்பால் டோர்னமென்டில் ஒரு அணி கூடுதலாக நுழைந்தால் அந்தப் பணம் எல்லோருக்கும் பங்கு.

---

பீவர்_செந்தில்:

எல்லோருக்கும் நன்றி. கார்த்தி சகோ எழுதியதைப் படித்துவிட்டு ஒரு நாள் யோசித்தேன். நான் டிவி, ஊர்ப் பெருமை என்று பார்த்துக்கொண்டு இருந்துவிட்டேன். எங்களை 2023-இல் கொன்றதும் அதே கணக்குதான். ஸ்டான்ஃபோர்டும் கால் பெர்க்லியும் போய்ச் சேர்ந்த இடத்தில் டிவி பணத்தில் முழுப் பங்குகூட ஆரம்பத்தில் கிடைக்காது என்று தெரிந்தும் போனார்கள், அப்படி ஒரு பயம். இன்னொரு பெரிய வீட்டுக்கு இடம் கிடைக்கும்வரை இங்கே தங்குகிற பள்ளி எனக்கு வேண்டாம்.

சாந்தி அக்கா, உங்கள் பெண்ணுக்கு என் வாழ்த்தைச் சொல்லுங்கள். ரீசரில் உட்கார்ந்து கத்துகிறபோது அந்தப் பக்கம் யோசித்ததே இல்லை.

இப்போது என் வரிசை: யுஎன்எல்வி, அது முடியாவிட்டால் யுடிஎஸ்ஏ. ஆனால் வாசு, 2024-இல் யுஎன்எல்வியைத் தக்கவைக்க மவுன்டன் வெஸ்ட் பெரிய தொகை தருவதாகச் சொல்லி 2032 வரை ஒளிபரப்பு உரிமையில் கையெழுத்து வாங்கிவிட்டதே, அதை என்ன செய்வது?

---

பாய்ஸி_வாசு:

அந்தத் தொகை எங்கிருந்து வரும்? நாங்கள் ஐந்து பேர் கட்ட வேண்டிய வெளியேறும் கட்டணத்திலிருந்தும் எங்களை இழுத்ததற்காகப் பேக்-12 கட்ட வேண்டிய அபராதத்திலிருந்தும்தான், அது வழக்கில் போய் நின்றது. ஒப்பந்தம் இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் இந்த விளையாட்டில் ஒப்பந்தம் ஒரு விலை, அவ்வளவுதான், 18 மில்லியன் உதாரணத்தைக் கார்த்தியே மேலே கொடுத்திருக்கிறார். நாள் போகப் போக விலை குறையும். அவசரப்பட்டுத் தவறான ஆளைச் சேர்ப்பதைவிட இரண்டு வருடம் எட்டோடு ஓட்டலாம் என்பது என் எண்ணம்.

---

ஐ35_முருகன்:

இரண்டு வருடம் காத்திருப்பதில்தான் எனக்கு உடன்பாடு இல்லை வாசு. எட்டோடு ஓட்டுகிற அந்த இரண்டு வருடத்தில் உங்களையே பிக் 12 கூப்பிட்டால்? 2024-இல் தேசிய ப்ளேஆஃபில் மூன்றாம் சீடாக நுழைந்த அணி, நீல மைதானம் நாடு முழுக்கத் தெரியும். கூப்பிட்டால் பாய்ஸி போகுமா, போகாதா? உண்மையைச் சொல்லுங்கள்.

---

பாய்ஸி_வாசு:

போகும் முருகன். மறைக்க ஒன்றும் இல்லை. எங்கள் ஊர்க்காரர்கள் பாதிப் பேர் அன்றைக்கே பட்டாசு வெடிப்பார்கள், எனக்குத் தூக்கம் வராது.

சரி, அப்படியானால் யுடிஎஸ்ஏவோடு இப்போதே பேச ஆரம்பிக்கட்டும், யுஎன்எல்விக்கு ஒரு நாற்காலி காலியாக இருக்கட்டும். பத்து ஆனாலும் எனக்குச் சம்மதம். செந்தில், பாய்ஸி அணி கோர்வாலிஸ் வரும்போது நானும் வருகிறேன், டிக்கெட் எந்தப் பக்கம் எடுத்தால் மழை படாது என்று சொல்லுங்கள்.

---

பீவர்_செந்தில்:

மேற்குப் பக்கம், கூரைக்குக் கீழே, மேல் வரிசை. புதுப்பித்த பக்கம் அதுதான். வந்துவிடுங்கள், சாப்பாடு நம் வீட்டில்.