அமைதியான சுபாவம், ஏலம் கேட்கிற வேலை: வழி சொல்லுங்கள்

அண்ணன், அக்கா எல்லாருக்கும் வணக்கம். ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில் ஒரு மீன் கம்பெனியில் கொள்முதல் பார்க்கிறேன். அந்தப் பதினாறு வகை ஆளுமைத் தேர்வில் எனக்கு ஐ.எஸ்.டி.ஜே என்று வந்தது, அதாவது அகமுகி (அதிகம் பேசாமல் மனசுக்குள்ளேயே யோசிக்கிறவர்), எதிலும் ஒழுங்கு பார்க்கிற ஆள். இன்னொரு நாள் எழுதினால் வேறு வகை வரலாம்தான், ஆனாலும் என் சுபாவம் அதுதான்.

எடை, ஐஸ், கணக்கு எதுவும் பிசகாது. சிக்கல் கரையில்தான். போட் வந்ததும் நண்டுக் கூடையைச் சுற்றி நின்று எல்லாரும் ஒரே நேரத்தில் விலை கத்துவார்கள். நான் ஒரு நண்டைத் திருப்பி, அடிப்பக்கம் அழுத்தி, சதைப்பிடிப்பா தண்ணி நண்டா என்று பார்த்து மனசுக்குள் விலை போடுவதற்குள் சரக்கு கைமாறிவிடும். "வாயில்லாத ஆளு" என்று முதலாளி எல்லார் முன்னாலும் சொல்வது ரொம்ப வலிக்கிறது. உளவியல் அறிஞர் கார்ல் யுங் 1921-ல் அகமுகம், புறமுகம் என்று பிரித்தபோது இரண்டையும் இயல்பு என்றுதான் சொன்னார், குறை என்றல்ல.

இதே சுபாவத்தோடு ஏலம் கேட்கிறவர்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்? உச்ச விலையை முன்கூட்டியே எழுதிக்கொண்டு போனால் சரிவருமா? அப்புறம், ஏப்ரல் 15-ல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்குவதற்குள் தரம் பார்க்கிற வேலைக்கு மாற்றச் சொல்லி முதலாளியிடம் கேட்க நினைக்கிறேன், அவர் மனம் கோணாமல் எப்படிப் பேச்செடுப்பது?