கலிஃபோர்னியாவில் காவ்யா வீடு தேடுகிறாள்: குடும்பக் குழுவில் ஒரு ஞாயிறு

*காவ்யா:* நேற்று மலைக்கு அந்தப் பக்கம் மவுண்டன் ஹவுஸ் என்ற ஊருக்குப் போய் ஒரு வீடு பார்த்தோம். நாலு படுக்கையறை, புதுசு, 9,80,000 டாலர். இங்கே சன்னிவேலில் இரண்டு அறை அபார்ட்மெண்டுக்கு 3,900 வாடகை கொடுக்கிறோம், அதையும் ஏற்றப் போகிறார்கள். புதன்கிழமைக்குள் ஆஃபர் போடச் சொல்கிறார் ஏஜெண்ட். எல்லோரும் மனதில் பட்டதைச் சொல்லுங்கள்.

*காவ்யா:* தியா ஒரு அறையில் தரையிலேயே படுத்துக்கொண்டு "இது என்னோட ரூம்" என்று சொல்லி எழுந்திருக்கவே இல்லை. அதைப் பார்த்ததில் இருந்து எனக்கு வேறு எதுவும் ஓடவில்லை.

*அப்பா:* வீடு அழகாக இருக்கிறது கவி. இதே வீடு இப்போது நீ இருக்கும் ஊரில் என்ன விலை?

*கார்த்திக்:* இதில் பாதி அளவு, 1950களில் கட்டியதே 2 மில்லியனுக்கு மேல் போகிறது மாமா. 2024 நடுவிலேயே சான் ஹோசே வட்டாரத்தில் விற்ற தனி வீடுகளில் பாதிக்கு அந்த விலை தாண்டிவிட்டது.

*அப்பா:* 50 மைல் தள்ளிப் போனால் பாதி விலையா! கடல் காற்றுக்கா இவ்வளவு காசு?

*கணேஷ்:* கடலும் ஒரு காரணம்தான் அப்பா. உள்நாட்டு ஊர் என்றால் நாலு பக்கமும் விரியும். இங்கே ஒரு பக்கம் கடல், நடுவில் வளைகுடா, மிச்ச இடத்தில் மலை. ஆனால் டோக்கியோவும் கடலோரம்தான். அங்கே கட்ட விடுகிறார்கள், அதனால் விலை இப்படிப் பறக்கவில்லை. இங்கே இருக்கிற இடத்திலும் பெரும்பகுதியில் தனி வீடு தவிர வேறு எதுவும் கட்டக் கூடாது என்று பல பத்தாண்டுகளாக ஊருக்கு ஊர் விதி வைத்திருந்தார்கள். வேலை மட்டும் வந்து குவிந்தது, வீடு வரவில்லை.

*கணேஷ்:* அப்புறம் ப்ராப் 13 என்ற சொத்து வரிச் சட்டம். 1978ல் மக்கள் ஓட்டுப் போட்டுக் கொண்டுவந்தது. வாங்கிய விலையில் 1 சதவீதம்தான் அடிப்படை வரி, அந்த மதிப்பும் வருடத்துக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறாது. எங்கள் எதிர்வீட்டுப் பாட்டி 1979ல் வாங்கியவர், அவருக்கு வருடத்துக்கு 2,000 டாலர் சுமார். பக்கத்து வீட்டுக்குப் போன வருடம் குடிவந்தவர்களுக்கு 17,000க்கு மேல். ஒரே அளவு மனை, ஒரே தெரு. பாட்டி தனியாக நாலு அறை வீட்டில் இருக்கிறார். விற்றுவிட்டுச் சின்ன வீட்டுக்குப் போக யோசிப்பவர்களும் வரி, கணக்கு என்று தள்ளிப் போட்டு அப்படியே இருந்துவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் உன்னைப் போல் புதிதாக வருகிறவர்களுக்கு விற்பனைக்கே வீடு வருவதில்லை கவி.

*மீனா அண்ணி:* மவுண்டன் ஹவுஸ் வீட்டுக்கு மெல்லோ-ரூஸ் எவ்வளவு என்று கேட்டாயா காவ்யா?

*காவ்யா:* அது என்ன அண்ணி? ஏஜெண்ட் சொல்லவே இல்லையே.

*மீனா அண்ணி:* புது ஊர்களில் சாலை, பள்ளிக்கூடம், குழாய் எல்லாம் போட வாங்கிய கடனை வீட்டுக்காரர்களிடம் வரியாகப் பிரிப்பார்கள். 1982 சட்டம். அந்த 1 சதவீதத்துக்கு மேல் தனியாக வரும். வருடத்துக்கு எவ்வளவு, எந்த வருடத்தில் முடிகிறது, வருடாவருடம் ஏறுமா, மூன்றையும் எழுத்தில் கேட்டு வாங்கு. மாதத் தவணை போடும்போது இதைச் சேர்த்துத்தான் கணக்கு.

*சுந்தர் மாமா:* நான் ஒன்று சொல்லட்டுமா. நீளமாக இருக்கும், பொறுமையாகப் படியுங்கள்.

*சுந்தர் மாமா:* மவுண்டன் ஹவுஸுக்குப் பக்கத்து ஊரான ட்ரேசியில் நான் வாங்கியது 2006ல். இதே காரணம், வளைகுடாப் பக்கம் கட்டுப்படியாகவில்லை. இரண்டே வருடத்தில் விலை சரிய ஆரம்பித்து, 2009ல் பாதிகூட இல்லை. எங்கள் தெருவில் ஆறு வீடு பேங்க்குக்குப் போனது. பக்கத்தில் ஸ்டாக்டன் நகரமே 2012ல் திவால் மனு கொடுத்தது. கடலோரத்திலும் விலை இறங்கியது, ஆனால் சீக்கிரம் எழுந்துவிட்டது. எங்களுக்கு வாங்கிய விலைக்குத் திரும்ப வரப் பத்து வருடத்துக்கு மேல் ஆனது. அதனால் "விலை ஏறும், விற்றுவிடலாம்" என்ற நினைப்பில் வாங்காதே. இருந்து வாழத்தான் என்றால் வாங்கு.

*சுந்தர் மாமா:* விலையைவிடப் பெரிய விஷயம், வேலைக்குப் போகத் தாண்ட வேண்டிய அல்டமாண்ட் மலைக் கணவாய். ஒன்பது வருடம் ஓட்டினேன். காலை 4.45க்கு வண்டியை எடுத்தால்கூட மலைமேல் ஏறும்போது முன்னால் முழுக்கச் சிவப்பு விளக்கு. இருட்டில் காற்றாலைகள் சுற்றுவது கண்ணுக்குத் தெரியாது, சத்தம் மட்டும் கேட்கும், கண்ணாடியை இறக்கினால். 1998ல் இருந்து மலையைத் தாண்டிச் சான் ஹோசே வரை ஏஸ் ரயில் ஓடுகிறது, நல்ல ரயில்தான். ஆனால் காலையில் போவதற்கு, சாயங்காலம் திரும்புவதற்கு என்று சில வண்டிகள் மட்டும். நடுவில் திடீரென்று வீட்டுக்கு வர வேண்டுமென்றால் கிடையாது.

*சுந்தர் மாமா:* ஒருநாள் மதியம் மூன்று மணிக்குப் பள்ளியில் இருந்து போன், அருணுக்குக் காய்ச்சல், வந்து கூட்டிப் போங்கள் என்று. உங்கள் அத்தை அன்றைக்கு ஊரில் இல்லை. நான் போய்ச் சேர்ந்தது 5.40. எல்லோரும் போய்விட்டார்கள், ஆபீஸ் அறையில் அந்த அம்மா மட்டும் இவனுக்காக உட்கார்ந்திருந்தார். அவன் என்னைப் பார்த்து அழவில்லை. "ட்ராஃபிக்காப்பா?" என்று கேட்டான். ஏழு வயது. அந்த வாரமே வேலையை மாற்ற முயற்சி ஆரம்பித்தேன்.

*காவ்யா:* மாமா, இதை இதுவரை சொன்னதே இல்லையே.

*சுந்தர் மாமா:* சொல்லும்படி இருக்கவில்லை மா.

*கார்த்திக்:* எனக்கு வாரம் மூன்று நாள் ஆபீஸ், காவ்யாவுக்கு நாலு. ஒரே நாளில் இரண்டு பேரும் மலைக்கு இந்தப் பக்கம் மாட்டிக்கொள்வோம். இதை நாங்கள் யோசிக்கவில்லை.

*மீனா அண்ணி:* அங்கே ஜூலையில் 100 டிகிரி, அந்தக் கரண்ட் பில்லையும் சேர்த்துக்கொள்.

*கணேஷ்:* கவி, நான் உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். எட்டு வருடத்துக்கு முன்னால் எங்கள் தெருமுனையில் அபார்ட்மெண்ட் கட்ட வந்தார்கள். ரயில் ஸ்டேஷனுக்கு நடக்கும் தூரம். பார்க்கிங் நெருக்கடியாகும், வெயில் மறைக்கும் என்று மனு சுற்றுக்கு வந்தது. நானும் கையெழுத்துப் போட்டேன். படித்துக்கூடப் பார்க்கவில்லை. திட்டத்தைச் சுருக்கி, இழுத்தடித்து, கடைசியில் விட்டுவிட்டார்கள். இன்றைக்கும் அது காலி மனைதான், கம்பி வேலி. அந்த வீடுகள் வந்திருந்தால் அதில் ஒன்றில் நீ இருந்திருப்பாய். தியா நடந்தே எங்கள் வீட்டுக்கு வந்திருப்பாள். தினமும் அந்த வேலியைத் தாண்டித்தான் போகிறேன்.

*காவ்யா:* அண்ணா, நீ ஒருத்தன் கையெழுத்தால் நின்றுபோகவில்லை. அப்படி நினைக்காதே.

*கணேஷ்:* என்னைப் போல் இருநூறு பேர் போட்டார்கள். அதனால்தான் நின்றது.

*மீனா அண்ணி:* நேற்று ராத்திரி நாங்கள் பேசிக்கொண்டிருந்தோம். எங்கள் பின்பக்கம் சும்மாதானே கிடக்கிறது. மாநிலச் சட்டம் மாறிவிட்டது. 2020ல் இருந்து 800 சதுர அடி வரை பின்கட்டு வீட்டை ஊர் நிர்வாகம் தடுக்க முடியாது, வேலியில் இருந்து 4 அடி விட்டால் போதும். இரண்டு அறை தாராளமாக வரும்.

*காவ்யா:* அண்ணி...

*கணேஷ்:* செலவு கொஞ்சநஞ்சம் இல்லை, சாக்கடை இணைப்பு, கரண்ட் பலகை எல்லாம் மாற்ற வேண்டும். கூடுதல் கட்டடத்துக்கு மட்டும் புது மதிப்பு போட்டு வரி வரும், பழைய வீட்டின் மதிப்பு அப்படியே இருக்கும். பாதிப் பாதி போடலாம். நீங்கள் சொந்த வீடு வாங்கும் வரை இருங்கள். என்ன மாப்பிள்ளை?

*கார்த்திக்:* யோசித்துச் சொல்கிறேன் மச்சான். தூக்கிவாரிப் போட்டுவிட்டது, நல்லபடியாக.

*அப்பா:* ஒரே மனையில் இரண்டு குடும்பம் என்றால் பணக் கணக்கை முதல் நாளே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அண்ணன் தங்கையாக இருந்தாலும்.

*சுந்தர் மாமா:* சரியாகச் சொன்னீர்கள் மச்சான். காவ்யா, மவுண்டன் ஹவுஸையும் ஒதுக்கிவிடாதே. செவ்வாய் ராத்திரி நம் வீட்டில் தங்குங்கள். புதன் காலை 5 மணிக்கு இங்கிருந்து ஆபீஸுக்கு ஓட்டிப் பாருங்கள். சாயங்காலம் ஆறு மணிக்குத் திரும்பியும் வாருங்கள். அதற்குப் பிறகு முடிவு எடு.

*காவ்யா:* சரி மாமா. ஏஜெண்டிடம் புதன்கிழமை முடியாது, வெள்ளிக்கிழமை சொல்கிறேன் என்று சொல்லிவிட்டேன். அண்ணா, சனிக்கிழமை வருகிறோம், அளவு டேப் எடுத்து வை.

*மீனா அண்ணி:* எலுமிச்சை மரத்தை விட்டுவிட்டு அளக்கச் சொல்.