மாதாந்திர ரிவ்யூ பிரசன்டேஷன்: பாதியிலேயே எல்லார் கையிலும் போன்

கடலோடி: விற்பனைக் கணக்கை 30 பேருக்குக் காட்ட வேண்டும். 22 ஸ்லைடு, 15 நிமிடம். ஐந்தாவது ஸ்லைடிலேயே போனை எடுத்துவிடுகிறார்கள். எதை மாற்றலாம்?

தென்றல்77: முடிவை முதல் ஸ்லைடிலேயே போட்டு உடையுங்கள். தலைப்பு "மே மாத விற்பனை" என்றிருந்தால் யாருக்கு என்ன? "மதுரையில் விற்பனை 12% சரிவு" என்று எழுதுங்கள். எக்செல் அட்டவணையை அப்படியே ஒட்டினால் கடைசி வரிசைக்கு ஒன்றும் தெரியாது. ஒரே சார்ட், பேசப்போகும் பட்டைக்கு மட்டும் நிறம், மற்றவை சாம்பல். எழுத்து 28 பாயின்ட்டுக்குக் குறையாமல்.

கடலோடி: மேனேஜர் அட்டவணை கேட்பாரே?

தென்றல்77: கேட்கட்டும். கடைசி ஸ்லைடுக்குப் பின்னால் வைத்திருங்கள். ஸ்லைடு எண்ணை அடித்து என்டர் தட்டினால் நேரே அங்கே போகும்.

மணல்வீடு: ஸ்லைடில் உள்ளதையே வாசிக்காதீர்கள், நீங்கள் பாதி வரி சொல்வதற்குள் அவர்கள் முழுதும் படித்துவிடுவார்கள். விவாதம் வந்தால் 'B' விசையைத் தட்டுங்கள். திரை கறுப்பாகும், பார்வை உங்கள் பக்கம் திரும்பும். மறுபடி தட்டினால் ஸ்லைடு வரும்.

இன்னொன்று: வேறு லேப்டாப்பில் தமிழ் எழுத்துரு மாறி வரிகள் உடையும். பிடிஎஃப் பிரதி ஒன்று பென்டிரைவில் இருக்கட்டும்.