சேற்று பாக்டீரியாவிலிருந்து மின்சாரம்: என் அனுபவம்

இதைச் செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். செம்புத் தகட்டையும் துத்தநாகத் தகட்டையும் ஈர மண்ணில் செருகினால் மீட்டர் உடனே நல்ல வோல்ட் காட்டும். அது பாக்டீரியா கொடுத்த மின்சாரம் இல்லை. துத்தநாகம் கரைவதால் வருவது. எலுமிச்சம்பழத்தில் செருகினாலும் வரும். ‘மண் பேட்டரி’ என்று சுற்றும் பல வீடியோக்களில் நடப்பது இதுதான்.

அதனால் நான் இரண்டு பக்கமும் ஒரே பொருளை, கிராஃபைட் ஃபெல்ட்டை (மின்சாரம் கடத்தும் கரித் துணி) வைத்தேன். குளத்தடியில் அள்ளிய கறுப்புச் சேறு, அழுகிய முட்டை நாற்றம் அடிக்குமே, அதேதான். உள்ளங்கை அகலத் துண்டு ஒன்று ஜாடியின் அடிச்சேற்றில். இன்னொன்று மேலே நிற்கும் தண்ணீரில், காற்றை ஒட்டி. இரண்டையும் வெளியே இணைக்கும் கம்பியின் நடுவே 1000 ஓம் ரெசிஸ்டர். சேற்றுக்குள் போகும் கம்பி டைட்டானியம். செம்புக் கம்பி அரித்துப்போகும், பாக்டீரியாவுக்கும் ஆகாது.

முதல் நாள் மீட்டரில் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் இல்லை. அப்போதே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. உலோகம் கரைந்து வரும் மின்சாரம் என்றால் காத்திருக்காது. அப்புறம் நாளாக நாளாக மெல்ல ஏறி 400 மில்லிவோல்ட் பக்கம் வந்து நின்றது. பிரஷர் குக்கரில் நன்றாக வேகவைத்த அதே சேற்றை இன்னொரு ஜாடியில் வைத்திருந்தேன். அது ஏறவே இல்லை. இந்த இரண்டாவது ஜாடி இல்லாமல் யாரும் இதைச் செய்ய வேண்டாம்.

உள்ளே நடப்பது இதுதான். அடிச்சேற்றில் ஆக்ஸிஜன் கிடையாது. ஜியோபாக்டர் போன்ற பாக்டீரியாக்கள் அசிட்டேட்டை (வினிகர் அமிலத்தின் உப்பு வடிவம்) தின்றால் மூலக்கூறு ஒன்றுக்கு 8 எலெக்ட்ரான் மிஞ்சும். அதை எங்காவது தள்ளிவிட வேண்டும். இயற்கையில் இரும்புத் துரு மேல் தள்ளும். கிராஃபைட்டை வைத்தால் அதன் மேல் தள்ளுகிறது. எலெக்ட்ரான் கம்பி வழியாக மேலே வந்து ஆக்ஸிஜனோடும் புரோட்டானோடும் சேர்ந்து தண்ணீராகிறது.

பிறகு அந்த ஃபெல்ட்டில் ஒரு துணுக்கை வெட்டி, அசிட்டேட் கலந்த தெளிந்த நீரில் கிராஃபைட் குச்சியோடு காற்றுப்புகாமல் வளர்த்தேன், அதையும் சர்க்யூட்டில் இணைத்துத்தான். குச்சி மேல் இளஞ்சிவப்பாக ஒரு படலம் படிந்தது. நிறத்துக்குக் காரணம் சைட்டோகுரோம் என்ற புரதம். நம் ரத்தச் சிவப்பில் இருக்கும் ஹீம் என்ற இரும்பு நிறமிதான் அதிலும் இருக்கிறது. எலெக்ட்ரானை வெளியே கடத்துவதும் அதுவே. பின்னால் இந்த மின்சாரத்தில் எல்இடி விளக்கு எரிந்ததைவிட எனக்கு இதுதான் பெரிய விஷயம்.

எல்இடி என்றதும் கணக்கையும் பார்த்துவிடலாம். 1000 ஓமில் 400 மில்லிவோல்ட் என்றால் 0.16 மில்லிவாட். சிவப்பு எல்இடிக்கே ஏறக்குறைய 1.8 வோல்ட் வேண்டும். ஜாடிகளைத் தொடராக இணைத்தால் பலவீனமான ஜாடி தலைகீழாகத் திரும்பி மற்றதையும் கெடுக்கிறது. மின்தேக்கியில் சேர்த்து, வோல்ட்டை உயர்த்தும் சர்க்யூட் வழியாக விட்டேன். விட்டுவிட்டு மின்னியது.

இதை வைத்து வீட்டுக்கு மின்சாரம் எடுக்கலாம் என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத் தாவரவியலாளர் பாட்டர் 1911இலேயே நுண்ணுயிரிலிருந்து மின்னழுத்தம் வருவதைக் காட்டிவிட்டார். நூறாண்டு தாண்டியும் கிடைக்கும் திறன் சொற்பம்தான். ஆனால் பேட்டரி மாற்றப் போக முடியாத இடத்துக்கு இது அருமையான வழி. அமெரிக்கக் கடற்படை ஆய்வகம் ஒரு வானிலை மிதவையையே நீரடிச் சேற்றின் மின்சாரத்தில் ஓட்டியது. பிரிஸ்டல் ஆய்வாளர்கள் 2015இல் கிளாஸ்டன்பரி இசை விழாவில் சிறுநீரை வைத்துக் கழிப்பறைக்கு விளக்கேற்றினார்கள். கழிவும் ஓரளவு சுத்தமாகும் என்பதால் எனக்குப் பிடித்தது இந்த இரண்டாவதுதான்.

செய்பவர்கள் மேல்நீர் வற்றாமல் பார்த்துக்கொள்ளுங்கள், சேற்றைக் கிளறாதீர்கள். உப்புநீரில் உள்மின்தடை குறையும் என்பதால் அடுத்து கடற்சேற்றில் செய்யப் போகிறேன். ஏற்கெனவே செய்தவர்கள் எத்தனை ஓமில் அதிகத் திறன் கிடைத்தது என்று சொன்னால் உதவியாக இருக்கும்.